கார்ல் மால்டன்: அறுபது ஆண்டுகளைத் தாண்டிய நடிப்பு வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கத் தொடங்கியவர்கள் சில வாரங்களிலேயே ஒரு முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள்: உருண்டையான பெரிய மூக்கு, அகன்ற நெற்றி, கணீரென்ற குரல். பெயர் மட்டும் நினைவுக்கு வராது. அந்த மனிதர் கார்ல் மால்டன். அவரைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

கார்ல் மால்டனை நான் எதில் பார்த்திருக்கக்கூடும்?

'ஆன் த வாட்டர்ஃபிரண்ட்' (1954) படத்தின் பாதிரியார், 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' (1951) படத்தின் மிட்ச், 'பேட்டன்' (1970) படத்தின் தளபதி பிராட்லி. இந்த மூன்றில் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். தொலைக்காட்சி ரசிகர் என்றால் 'த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' தொடரில் மைக்கேல் டக்ளஸோடு காரில் சுற்றும் தொப்பிக்காரத் துப்பறிவாளர்.

செர்பியர் என்கிறார்கள், அமெரிக்கர் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. 1912 மார்ச் 22 அன்று சிகாகோவில் பிறந்தார். இயற்பெயர் ம்லாடென் செகுலோவிச். அப்பா பீட்டர் ஹெர்ட்செகோவினா பகுதியிலிருந்து வந்த செர்பியர். அம்மா செக் வம்சாவளி. பிள்ளைக்கு ஐந்து வயதானபோது குடும்பம் இந்தியானா மாநிலத்தின் கேரி நகருக்குப் போனது. உருக்காலைக்காகவே உருவான ஊர் அது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் தெருத் தெருவாக வாழ்ந்தார்கள். பள்ளியில் சேரும்வரை பையனுக்கு வீட்டில் பேசிய செர்பிய மொழி மட்டுமே தெரியும்.

அப்பா உருக்காலையிலும் பிறகு பால் விநியோகத்திலும் வேலை பார்த்தவர். அதோடு ஊரின் செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தி, செர்பிய நாடகங்களையும் மேடையேற்றியவர். மகன் முதலில் நடித்தது அந்த நாடகங்களில்தான். நடிப்பு அவருக்கு எங்கிருந்தோ திடீரென வந்ததாக எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பெயரை ஏன் மாற்றினார்?

நியூயார்க் நாடக உலகில் 'செகுலோவிச்' நீளமாகவும் வாயில் நுழையாததாகவும் இருந்தது. ம்லாடென் என்ற முதற்பெயரில் எழுத்துகளை இடம் மாற்றி 'மால்டன்' என்ற குடும்பப் பெயரை உண்டாக்கினார். 'கார்ல்' தாத்தாவின் பெயர். மாற்றியதை நினைத்துக் கடைசிவரை வருந்தினார். அந்த வருத்தத்தை அவர் தீர்த்துக்கொண்ட விதம் வேடிக்கையானது: வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் படத்துக்குள் 'செகுலோவிச்' என்ற பெயரை நுழைத்துவிடுவார்.

அந்தப் பெயர் எந்தெந்தப் படங்களில் ஒலிக்கிறது?

'பேட்டன்' படத்தில் சிசிலிச் சண்டைக் காட்சியில் பிராட்லி ஒரு சிப்பாயிடம் தலைக்கவசத்தைக் கேட்கிறார். அந்தச் சிப்பாய்தான் செகுலோவிச். 'ஃபியர் ஸ்ட்ரைக்ஸ் அவுட்' (1957) படத்தில் பேஸ்பால் அணிக்கு ஆள் தேடி வருபவருக்கு அந்தப் பெயர். 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்' (1962) படத்தில் கைதிகளின் பெயர்களுக்கு நடுவே வருகிறது. 'ஆன் த வாட்டர்ஃபிரண்ட்' படத்திலும் பெயர்கள் வாசிக்கப்படும் இடத்தில் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சப்டைட்டிலை மட்டும் நம்பினால் தவறவிடுவீர்கள். பின்னணியில் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியல்களைப் பல சப்டைட்டில்கள் போடுவதே இல்லை. 'பேட்டன்' காட்சியில் வெடிச்சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மூக்கு மேக்கப்பா?

இல்லை. பள்ளி நாட்களில் கூடைப்பந்து ஆடும்போது இரண்டு முறை உடைந்தது. கதாநாயகன் வேடம் தனக்கு வராது என்பது அவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. அதனால் அவருக்கு நேரமும் மிச்சம். அழகு குறைந்துவிடுமே என்ற கவலை இல்லாததால் நாற்பது வயதில் கிடைத்த வேடங்களைவிட ஐம்பது வயதில் கிடைத்தவை மோசமாகிவிடவில்லை.

உருக்காலையிலிருந்து மேடைக்கு எப்படி வந்தார்?

1931-இல் கேரியின் எமர்சன் பள்ளியை முடித்துவிட்டு, விளையாட்டு உதவித்தொகையில் கல்லூரி போகலாம் என்று நினைத்தார். அது நடக்கவில்லை. சுமார் மூன்று ஆண்டுகள் உருக்காலையில் உழைத்தார். 1934-இல் சிறு சேமிப்போடு சிகாகோவின் குட்மன் நாடகப் பள்ளிக்குப் போனார். முழுப் படிப்புக்கும் பணம் போதாது. பள்ளி இயக்குநரோடு பேசி முழு உதவித்தொகை பெற்றார். அங்கே சந்தித்த மோனாவை 1938 டிசம்பரில் திருமணம் செய்தார். அந்த மணவாழ்க்கை எழுபது ஆண்டுகளைத் தாண்டியது. ஹாலிவுட்டில் இதற்கு ஈடு சொல்ல அதிகம் பேர் இல்லை.

1937-இல் படிப்பு முடிந்தும் வேலை இல்லை. ஊர் திரும்பி, பிறகு நியூயார்க் போனார். அதே ஆண்டு குரூப் தியேட்டர் மேடையேற்றிய க்ளிஃபர்ட் ஓடெட்ஸின் 'கோல்டன் பாய்' நாடகத்தில் ஒரு சின்ன வேடம். அந்தக் குழுவில் அப்போது நடிகராக இருந்த எலியா கசான்தான் பிற்காலத்தில் அவர் வாழ்க்கையைத் திருப்பிய இயக்குநர்.

முதல் படம் 1940, புகழ் வந்ததோ 1947-க்குப் பிறகு. நடுவில் என்ன?

பெரும்பாலும் காத்திருப்பு. சின்னச் சின்ன மேடை வேடங்கள். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணி. அந்தப் படையே நடத்திய 'விங்டு விக்டரி' நாடகத்திலும் அதன் திரைப்பட வடிவத்திலும் (1944) சிறு வேடம். போர் முடிந்ததும் மூன்று நாடகங்கள் அடுத்தடுத்து வந்தன. 1946-இல் 'டிரக்லைன் கஃபே': சில நாட்களில் மூடப்பட்ட நாடகம், ஆனால் மார்லன் பிராண்டோவோடு அறிமுகம் அங்கேதான். 1947 ஜனவரியில் ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்', கசான் இயக்கம். அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று டென்னசி வில்லியம்ஸின் 'ஸ்ட்ரீட்கார்'. அது 855 காட்சிகள் ஓடியது.

மிட்ச் வேடத்தில் அப்படி என்ன செய்துவிட்டார்? பிராண்டோதானே எல்லோர் நினைவிலும் இருக்கிறார்?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் மால்டனின் கலை முழுவதும் இருக்கிறது. பிராண்டோ நடிக்கும் முரடன் ஸ்டான்லி அறைக்குள் வந்தால் மற்றவர் மேல் கண் போகாது. அவனோடு போட்டி போட்டுக் குரலை உயர்த்தும் நடிகர் தோற்றுப்போவார். மால்டன் எதிர்த்திசையில் போகிறார். மிட்ச் கூச்ச சுபாவி, நோயாளி அம்மாவோடு வாழ்பவன், தன் உடம்பு அதிகம் வியர்ப்பதை நினைத்து வெட்கப்படுபவன். தான் காதலிக்கும் நாயகி பிளான்ஷிடம் தன் எடையையும் உயரத்தையும் பெருமையாகச் சொல்லும் காட்சியில் அவர் நிற்கும் விதத்தைப் பாருங்கள்: அளந்து காட்டத் தோளை நிமிர்த்துகிறார், உடனே அப்படி நிமிர்த்தியதற்காகச் சங்கடப்படுகிறார். இரண்டும் ஒரே அசைவில்.

பிற்பகுதியில் அதே மனிதன் வேலை உடையில், சவரம் செய்யாத முகத்தோடு வருகிறான். இதுவரை பிளான்ஷை வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை என்கிறான். விளக்கை மூடியிருக்கும் காகிதக் கூண்டைக் கிழித்து, அவள் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்புகிறான். அங்கே மால்டன் கத்துவது குறைவு. முதல் பாதியில் அந்தக் கைகள் எதைத் தொடவும் தயங்கின, இப்போது தயங்கவில்லை. நமக்கு வலிப்பதற்குக் காரணம் அதுதான்.

1952 மார்ச்சில் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர். அதே படத்துக்காக விவியன் லீயும் கிம் ஹன்டரும் விருது பெற்றார்கள். பிராண்டோவுக்குக் கிடைக்கவில்லை. மேடையில் பிளான்ஷாக நடித்த ஜெசிக்கா டான்டிக்குப் பதில் விவியன் லீ வந்தார். பிராண்டோ, ஹன்டர், மால்டன் மூவரும் மேடையிலிருந்தே வந்தவர்கள். நூற்றுக்கணக்கான முறை நடித்துப் பழகிய வேடத்தைக் கேமராவுக்காகச் சுருக்குவது எளிதல்ல. மேடைச் சத்தம் ஒட்டாமல் செய்திருப்பவர்களில் மால்டன் முதலிடம் என்பது எங்கள் எண்ணம்.

'ஸ்ட்ரீட்கார்' எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

1951-இல் கத்தோலிக்கக் கண்ணிய அமைப்பின் எதிர்ப்புக்கு அஞ்சி ஸ்டூடியோ சில நிமிடங்களை வெட்டியது. வெட்டியவை 1993-இல் திரும்பச் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ 122 நிமிடம் என்றால் வெட்டிய பிரதி, 125 என்றால் மீட்ட பிரதி. பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம்: ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறையான PAL-இல் வந்த டிவிடிகள் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 25 ஓட்டும், அதனால் படம் நான்கு சதவீதம் வேகமாக முடியும். 125 நிமிடப் படம் அதில் 120 ஆகக் காட்டும். நீளம் குறைவாக இருப்பதாலேயே வெட்டியது என்று முடிவு கட்டாதீர்கள்.

'ஆன் த வாட்டர்ஃபிரண்ட்' பாதிரியார் உண்மையான ஆளா?

ஃபாதர் பாரிக்கு மூலம் ஜான் கோரிடன் என்ற ஜெசூட் (இயேசு சபை) பாதிரியார். நியூயார்க் துறைமுகத்தில் தொழிற்சங்கத்தைப் பிடித்துவைத்திருந்த ரவுடிகளுக்கு எதிராகத் தொழிலாளர்களைத் திரட்டியவர். மால்டன் அவரோடு நேரம் செலவிட்டு நடை, பேச்சு, சிகரெட் பிடிக்கும் விதம் எல்லாம் கவனித்தார்.

படப்பிடிப்பு நியூ ஜெர்சியின் ஹோபோகன் துறைமுகத்தில், குளிர்காலத்தில். மூச்சுவிடும்போது ஆவி வருவது தந்திரமில்லை. கூட்டத்தில் நிற்பவர்களில் பலர் நிஜத் துறைமுகத் தொழிலாளர்கள். கப்பலின் சரக்கு அறையில் பாதிரியார் பேசும் காட்சிதான் மால்டனின் பெரிய காட்சி. விஸ்கிப் பெட்டிகளைப் போட்டு நசுக்கிக் கொல்லப்பட்ட தொழிலாளி காலடியில் கிடக்கிறான். மேலிருந்து வாழைப்பழமும் டின்னும் வந்து விழுகின்றன, நெற்றியில் ரத்தம். நீளமான பிரசங்கம், எந்த நடிகரும் வழுக்கி விழக்கூடிய இடம். மால்டன் அடிபடும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவதில்லை. வாக்கியத்தின் வேகம் மட்டும் ஒரு கணம் தடுமாறி, மறுபடி பிடித்துக்கொள்கிறது. பேசி முடித்து, பிணத்தோடு சரக்குத் தட்டில் ஏறி மேலே போகும்போது ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறார். அந்தச் சிகரெட் இல்லாவிட்டால் காட்சி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஆகியிருக்கும்.

படம் 12 பரிந்துரைகளில் 8 ஆஸ்கர் வென்றது. மால்டனுக்கு இல்லை. துணை நடிகர் பிரிவில் அவரும் லீ ஜே. காப், ராட் ஸ்டைகர் இருவரும் ஒரே படத்திலிருந்து போட்டியிட்டார்கள். வாக்குகள் பிரிந்ததாகப் பலரும் சொல்வார்கள். விருது 'த பேர்ஃபுட் கான்டெஸா' படத்துக்காக எட்மண்ட் ஓ'பிரையனுக்குப் போனது.

கதாநாயகனாக நடித்ததே இல்லையா?

நடித்தார். கசானின் 'பேபி டால்' (1956) படத்தில் ஆர்ச்சி லீ என்ற பருத்தி ஆலை உரிமையாளர். மிசிசிப்பி மாநிலத்தின் பெனாய்ட் ஊரில் எடுத்தது. பாழடைந்த மாளிகை, இளம் மனைவி, கையாலாகாத கோபம். நியூயார்க்கின் கார்டினல் ஸ்பெல்மன் தேவாலய மேடையிலிருந்தே படத்தைக் கண்டித்தார். அந்தக் கூச்சலில் மால்டனின் நடிப்பைப் பேச ஆளில்லாமல் போயிற்று. அவர் செய்ததில் அதிகம் கண்டுகொள்ளப்படாத வேலை இது. சிரிப்பும் பரிதாபமும் பயமும் ஒரே ஆளிடம் வர வேண்டும், மூன்றும் வருகின்றன.

பிராண்டோ இயக்கிய படத்திலும் இருக்கிறாரா?

'ஒன்-ஐடு ஜாக்ஸ்' (1961). முதலில் ஸ்டான்லி குப்ரிக் இயக்குவதாக இருந்தது, பிறகு பிராண்டோவே எடுத்துக்கொண்டார். அவர் இயக்கிய ஒரே படம். மால்டன் இதில் டாட் லாங்வொர்த்: பழைய கொள்ளைக் கூட்டாளியைக் கைவிட்டுவிட்டு, ஷெரிஃபாகிக் குடும்பத்தோடு கௌரவமாக வாழ்பவன். கூட்டாளியை ஊர் நடுவே கட்டிவைத்துச் சாட்டையால் அடித்து, துப்பாக்கிக் கட்டையால் கையை நசுக்கும் காட்சியில் அவர் முகத்தில் வெறியைவிட நிம்மதி அதிகம். தன் பழைய பாவத்தின் ஒரே சாட்சியைச் செயலிழக்கச் செய்யும் மனிதனின் நிம்மதி.

இந்தப் படத்தின் பதிப்புரிமை காலாவதியானதால், வெளுத்துப்போன மலிவுப் பிரதிகள் இணையத்தில் குவிந்துகிடக்கின்றன. விஸ்டாவிஷன் என்ற உயர்தெளிவு அகலத்திரை முறையில் எடுத்த படத்தை அப்படிப் பார்த்தால் கலிஃபோர்னியக் கடற்கரை சாம்பல் குழம்பாகத் தெரியும். 2016-இல் சீரமைக்கப்பட்ட பிரதியைத் தேடிப் பாருங்கள்.

இயக்கியிருக்கிறாரா?

'டைம் லிமிட்' (1957) ஒன்றுதான் அவர் பெயரில். கொரியப் போர்க்கைதி விவகார விசாரணை, இறுக்கமான படம். 'த ஹேங்கிங் ட்ரீ' (1959) படப்பிடிப்பில் இயக்குநர் டெல்மர் டேவ்ஸ் நோய்வாய்ப்பட்டபோது சில நாட்கள் பொறுப்பேற்றார். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அறுபதுகளில் எல்லாப் படத்திலும் இருக்கிறாரே?

ஆம். 'பாலியன்னா'வில் நரகத்தைக் காட்டி மிரட்டும் போதகர், 'பேர்ட்மேன்' படத்தில் சிறை அதிகாரி, 'ஜிப்சி'யில் பொறுமைசாலி ஹெர்பி, 'த சின்சினாட்டி கிட்' படத்தில் சீட்டு பிரித்துப்போடும் ஷூட்டர். 'ஹௌ த வெஸ்ட் வாஸ் வன்' படத்தில் மால்டனுக்காக உட்காருபவர்கள் கவனிக்க: முதல் பகுதியிலேயே ஆற்றுச் சுழலில் போய்விடுவார். அது மூன்று கேமராக்களால் சினிராமா முறையில் எடுத்தது. மூன்று படங்களும் ஒட்டும் இடங்களில் திரையில் இரண்டு செங்குத்துக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தால் பிரதியில் கோளாறில்லை.

1971-இல் இத்தாலிக்குப் போய் டாரியோ அர்ஜென்டோவின் 'த கேட் ஓ' நைன் டெயில்ஸ்' படத்தில் பார்வையற்ற புதிர் வல்லுநராக நடித்தார். ஆங்கில ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுங்கள். இத்தாலியத் தடத்தில் வருவது வேறொருவர் குரல். மால்டனிடமிருந்து குரலை எடுத்துவிட்டால் பாதி போய்விடும். எழுபதுகளின் கடைசியில் வந்த 'மீட்டியர்' போன்ற பேரழிவுப் படங்களைத் தைரியமாகத் தவிர்க்கலாம்.

'பேட்டன்' படத்தில் பிராட்லி ஏன் அவ்வளவு நல்லவராக இருக்கிறார்?

நிஜ ஒமர் பிராட்லி அந்தப் படத்தின் மூத்த ராணுவ ஆலோசகர். அவருடைய நினைவுக்குறிப்புகள் திரைக்கதையின் மூலங்களில் ஒன்று. ஆகவே சித்திரம் அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. நடிப்புக் கணக்கில் பார்த்தால், பேட்டனாக ஜார்ஜ் சி. ஸ்காட் திரையை நிரப்பிக்கொண்டு நிற்கும்போது, மால்டன் அவர் சொல்வதைக் கேட்கும் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை நிலைநிறுத்துகிறார். பிராண்டோவிடம் செய்த அதே உத்தி, இருபது ஆண்டு கழித்து.

தொலைக்காட்சிக்கு ஏன் போனார்?

அறுபது வயதில் நல்ல திரை வேடங்கள் குறைந்தன. குவின் மார்ட்டின் தயாரித்த 'த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' 1972 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1977 வரை ஐந்து பருவங்கள் ஓடியது. மால்டன் லெஃப்டினன்ட் மைக் ஸ்டோன், டக்ளஸ் இளைய கூட்டாளி ஸ்டீவ் கெல்லர். இந்தத் தொடருக்காக நான்கு முறை எம்மி (தொலைக்காட்சி விருது) பரிந்துரை. விருது பிறகு, 'ஃபேட்டல் விஷன்' (1984) குறுந்தொடருக்குக் கிடைத்தது. தயாரிப்பாளராக 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படத்துக்கு ஆஸ்கர் வென்றபின் டக்ளஸ் ஐந்தாம் பருவத் தொடக்கத்தில் விலகினார். ரிச்சர்ட் ஹாட்ச் வந்தார். அங்கே தொடரின் உயிர் போயிற்று. முதல் நான்கு பருவங்கள் போதும்.

1980-இல் என்பிசியில் வந்த 'ஸ்கேக்', பக்கவாதம் வந்த உருக்காலை ஃபோர்மேனின் கதை. சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். கேரியில் உழைத்த உடம்பு அந்த வேடத்தில் தெரியும்.

யூகோஸ்லாவியாவில் படம் செய்தாரா?

1982-இல் கோரான் பாஸ்கலேவிச் இயக்கிய 'ட்வைலைட் டைம்'. அமெரிக்காவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, பேரக்குழந்தைகளை வளர்க்கும் தாத்தா. மெதுவான படம், ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் தவறவிடக்கூடாது.

அந்த டிராவலர்ஸ் செக் விளம்பரம் என்ன?

1973 முதல் 21 ஆண்டுகள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பயணக் காசோலைகளுக்கு அவர்தான் முகம். இளையவர்களுக்காக: வாங்கும்போது ஒரு கையெழுத்து, செலவழிக்கும்போது கடைக்காரர் முன் இன்னொன்று, திருடு போனால் வரிசை எண்களைச் சொல்லி மாற்றுக் காசோலை வாங்கலாம். விளம்பரத்தில் யாரோ பர்ஸைப் பறிகொடுப்பார்கள், தொப்பியோடு மால்டன் வந்து எச்சரிப்பார். மைக் ஸ்டோனின் நம்பகத்தன்மை அப்படியே விற்பனைக்கு உதவியது. அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கு அவர் ஆஸ்கர் நடிகராக அல்ல, விளம்பர மனிதராகவே தெரியும்.

ஆஸ்கர் அகாடமியில் அவர் பங்கு? கசான் சர்ச்சை?

1989 முதல் 1992 வரை அகாடமியின் தலைவர். பெவர்லி ஹில்ஸின் பழைய நீரேற்று நிலையக் கட்டடம் அகாடமியின் ஆய்வு நூலகமாக 1991-இல் திறக்கப்பட்டது அவர் காலத்தில்.

கசான் 1952-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன், முன்னாள் கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். பலர் வேலை இழந்த காலம் அது. 1999-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் தர வேண்டும் என்று அகாடமி நிர்வாகக் குழுவில் எழுந்து வாதாடியவர் மால்டன். விருது வேலைக்குத்தான், அரசியலுக்கு அல்ல என்பது அவர் வாதம். குழு ஏற்றது. விழாவில் சிலர் எழுந்து கைதட்டினார்கள், சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மால்டனின் நன்றிக்கடனும் அதில் கலந்திருந்தது என்பதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அதனால் வாதம் பொய்யாகிவிடவுமில்லை.

கடைசி வேடம் எது? எப்போது இறந்தார்?

2000 பிப்ரவரியில் 'த வெஸ்ட் விங்' தொடரில் அமெரிக்க அதிபரைச் சந்திக்கும் பாதிரியார். கையில் வைத்திருந்த பைபிள் 'வாட்டர்ஃபிரண்ட்' படத்தில் பயன்படுத்திய அதே பிரதி. 2009 ஜூலை 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், 97 வயதில் காலமானார். 2018-இல் பெல்கிரேடில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் எந்த வரிசையில் பார்ப்பது?

ஆண்டு வரிசை வேண்டாம். முதலில் 'வாட்டர்ஃபிரண்ட்', அவரை உடனே பிடித்துப்போகும். அடுத்து 'ஸ்ட்ரீட்கார்'. மூன்றாவதாக 'ஒன்-ஐடு ஜாக்ஸ்': நல்லவராகவே பழகிய முகம் கெட்டவனாவதைப் பார்க்க முந்தைய இரண்டும் தேவை. பிறகு 'பேபி டால்', 'பேட்டன்'. 'ஸ்ட்ரீட்ஸ்' தொடரை இவற்றுக்கு முன் பார்த்துவிட்டால் எல்லாப் படத்திலும் மைக் ஸ்டோன்தான் தெரிவார், அதனால் கடைசிக்கு வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு காட்சியையாவது இரண்டாம் முறை, பேசுபவரை விட்டுவிட்டு மால்டனை மட்டும் பாருங்கள். 'பேட்டன்' படத்தில் இதைச் செய்ய ஏற்ற இடம், பேட்டன் திட்டம் சொல்ல பிராட்லி குறுக்கிடாமல் கேட்கும் காட்சிகள்.